பரு ஜெல் போட்டா எரியுது, தோல் உரியுது: நிறுத்திடவா, தொடரவா?

கேள்வி இதுதான். 23 வயசு பொண்ணு, கன்னத்துலயும் தாடை ஓரத்துலயும் பரு. ஸ்கின் டாக்டர் ராத்திரிக்கு அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லும் காலையில போட பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல்லும் எழுதிக் குடுத்திருக்காங்க. மூணு வாரம் ஆச்சு, வாய் ஓரம் மூக்கு ஓரமெல்லாம் உரியுது, முகம் கழுவுனாலே எரியுது, தாடையில புதுசா நாலஞ்சு பரு வேற. ஃப்ரெண்டு எரிஞ்சாதான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் பொறுத்துக்கோன்னு சொல்றாங்க, சித்தி தோல் மெலிஞ்சு போயிடும் இப்பவே நிறுத்துன்னு சொல்றாங்க, மெடிக்கல் ஷாப்ல போய் சொன்னா அவங்க வேற ஒரு ட்யூப எடுத்துக் குடுத்து இத போடுங்க சிவப்பு போயி முகம் பளிச்சுன்னு ஆயிடும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு மாசத்துல அக்கா கல்யாணம். நிறுத்தவா தொடரவான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கேள்விய ரெண்டு தடவ படிச்சா உண்மையில நீங்க கேக்கறது இந்த எரிச்சல் நல்லதுக்கா கெட்டதுக்கா, நான் என் முகத்த நானே கெடுத்துக்கறனான்னுதான். அதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன். நான் தோல் டாக்டர், பல வருஷமா ஓபி பாக்கறேன், இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. உங்க முகத்த நேர்ல பாக்காமதான் எழுதறேன், அதனால மருந்த எழுதிக் குடுத்த டாக்டர் நேர்ல பாத்து சொல்றதுதான் இதுக்கு மேல.

முதல்ல ஒரே வரியில பதில். எரிச்சல் மருந்து வேலை செய்றதுக்கு அடையாளம் இல்ல, தோலு நிரந்தரமா கெட்டுப் போறதுக்கும் அடையாளம் இல்ல. உங்க தோலு இப்ப தாங்கற அளவ விட அதிகமா, வேகமா போட்டுட்டீங்க, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். மருந்த கைவிடவும் வேணாம், பல்ல கடிச்சுக்கிட்டு தினமும் போடவும் வேணாம், போடற விதத்த மாத்துனா போதும்.

ஏன்னு புரியணும்னா அடாபலீன் என்ன பண்ணுதுன்னு தெரியணும். இது ரெட்டினாய்டுன்னு சொல்ற குடும்பத்த சேந்தது, வைட்டமின் ஏ செய்ற வேலைய தோலோட செல்லுக்குள்ள இருக்கற அதே ரிசப்டர புடிச்சு செய்யற மருந்துகள். பரு எப்படி ஆரம்பிக்குதுன்னா, முடி வளர்ற துளைக்குள்ள இருக்கற செல்லுங்க உதிர்ந்து வெளிய வராம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடைச்சுக்கும், பின்னாடி எண்ணெய் தேங்கும், அங்க எப்பவும் இருக்கற க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்னு ஒரு கிருமி அதுல பெருகும், அப்பறம் வீக்கம், சீழ். இந்த முதல் அடைப்பு கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோகொமிடோன்னு பேரு, அது பருவா வெளிய வர வாரக்கணக்குல ஆகும். ரெட்டினாய்டு அந்த முதல் அடைப்பு உருவாகாமலே தடுக்குது, கூடவே வீக்கத்தையும் கொறைக்குது. முளைச்ச களைய பிடுங்கற வேலை இல்ல இது, விதை முளைக்காம பாத்துக்கற வேலை. அதனாலதான் பரு மேல மட்டும் புள்ளி புள்ளியா வைக்கக் கூடாது, பரு வர்ற பகுதி முழுக்க மெல்லிசா தடவணும். அதனாலதான் மூணு வாரத்துல ரிசல்ட் பாக்கவும் முடியாது. இன்னிக்கு உங்க தாடையில தெரியற பருவுக்கான அடைப்பு நீங்க ஜெல் வாங்கறதுக்கு முன்னாடியே உள்ள உக்காந்துருச்சு. ஒரு ரெட்டினாய்டு ஒத்து வருதா இல்லையான்னு முடிவு பண்ண குறைஞ்சது 12 வாரம் குடுக்கணும், இது சந்தேகமே இல்லாத விஷயம், பெரும்பாலான ஆய்வுகளும் அந்தக் கணக்க வச்சுதான் நடக்குது.

சரி, எரிஞ்சாதான் வேலை செய்யும்னு ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்துச்சு? உங்க ஃப்ரெண்டு மேல தப்பில்ல, ஆரம்பத்துல டாக்டருங்களே ஏறக்குறைய அப்படித்தான் நினைச்சாங்க. ட்ரெட்டினாயின்னு ஒரு ரெட்டினாய்ட பருவுக்கு போடலாம்னு ஆல்பர்ட் க்ளிக்மன்னு ஒரு அமெரிக்க தோல் டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் 1969ல எழுதுனாங்க, 1971ல அமெரிக்காவுல அதுக்கு அனுமதி கிடைச்சுது. அன்னிக்கு போட்ட அளவுக்கு முகம் சிவந்து உரியத்தான் செஞ்சுது, உரியறதும் வைத்தியத்துல ஒரு பகுதின்னே எடுத்துக்கிட்டாங்க. (க்ளிக்மன் பேர சொல்லும்போது இதையும் சொல்லாம போக எனக்கு மனசு வரல. அவர் பிலடெல்ஃபியாவுல ஹோம்ஸ்பர்க் ஜெயில் கைதிங்க மேல, பெரும்பாலும் கறுப்பின மக்கள், வருஷக்கணக்கா ஆராய்ச்சி நடத்துனவர், 2022ல அந்த நகரமே அதுக்காக மன்னிப்பு கேட்டுச்சு. இந்த மருந்து நமக்கு உதவுது, அது வந்த வழியில அவங்க பட்ட கஷ்டமும் இருக்கு.) அப்பறம் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கைய உடைச்சிருச்சு. வெயில்ல பாதிச்ச தோலுக்கு ட்ரெட்டினாயின் 0.1 சதவீதத்தையும் 0.025 சதவீதத்தையும் 48 வாரம் போட்டுப் பாத்து 1995ல வெளியிட்டாங்க, பலன் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், எரிச்சல் மட்டும் அதிக டோஸ்ல ரொம்ப அதிகம். பருவுக்கே எடுத்துக்கிட்டா, உங்ககிட்ட இருக்கற அடாபலீன் 0.1 ஜெல்ல ட்ரெட்டினாயின் 0.025 ஜெல்லோட ஒப்பிட்டு அஞ்சு ஆய்வுகள சேத்து, சுமார் 900 பேர், 1998ல கணக்கு போட்டாங்க. பலன் சமம், எரிச்சல் அடாபலீன்ல கம்மி. பலனும் எரிச்சலும் சேந்தே வரணும்னு கட்டாயம் இருந்தா இப்படி வந்திருக்கவே வந்திருக்காது. இத நான் ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் அழுத்தி சொல்றதுக்கு காரணம், எரிச்சல தாங்கிக்கிட்டு தாங்கிக்கிட்டு ஒரு மாசத்துல வெறுத்துப் போய் ட்யூப தூக்கிப் போடறவங்க எக்கச்சக்கம், அவங்க எல்லாம் பலன் தெரிய ஆரம்பிக்கற நேரத்துக்கு கொஞ்சம் முன்னாடிதான் விட்டுடறாங்க.

சித்தி சொன்ன தோல் மெலியற விஷயம். இதுல ஒரு குழப்பம் இருக்கு, அத பிரிச்சு சொல்லணும். ரெட்டினாய்டு மேல இருக்கற செத்த செல் அடுக்க முதல்ல கொஞ்சம் நெருக்கமாவும் மெல்லிசாவும் ஆக்குது, உரியறதும் வெயில் சுருக்குன்னு படறதும் அதனாலதான். ஆனா அதுக்குக் கீழ இருக்கற உயிருள்ள தோல் அடுக்கு தடிக்கத்தான் செய்யுது, இன்னும் கீழ தோலுக்கு பலம் குடுக்கற கொலாஜன் கூடுது, இது ட்ரெட்டினாயின்ல நல்லா நிரூபிச்ச விஷயம், வயசானா வர்ற சுருக்கத்துக்கே அத போடறாங்கன்னா பாத்துக்கோங்க. அடாபலீன் 0.1ஐ 2016லேருந்து அமெரிக்காவுல டாக்டர் சீட்டு இல்லாமலே விக்கறாங்க, அந்த அளவுக்கு அதோட பாதுகாப்பு மேல நம்பிக்கை இருக்கு. தோல நெசமாவே மெலிய வைக்கற மருந்து வேற ஒண்ணு, ஸ்டீராய்டு. உங்களுக்கு மெடிக்கல் ஷாப்ல குடுத்த அந்த ட்யூப் பத்திதான் எனக்கு உண்மையான பயம்.

அத கொஞ்சம் எடுத்து பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், ஃபுளுசினோலோன், பெக்லோமெத்தசோன் இதுல எந்தப் பேரு இருந்தாலும் அது ஸ்டீராய்டு. நம்ம ஊர்ல ரொம்ப ஓடற கலவை ஒண்ணு இருக்கு, நிறத்த வெளுக்க வைக்கற ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூணும் சேந்தது. இதுக்கு மூலம் 1975ல அதே க்ளிக்மன் குழு மங்குக்காக எழுதுன ஃபார்முலா. அதுல ஸ்டீராய்ட மாத்தி, அளவ கொறைச்சு அமெரிக்காவுல அனுமதிச்ச கிரீமயே மங்குக்கு மட்டும்தான், அதுவும் 8 வாரம் வரைக்கும்தான்னு லேபிள்லயே போட்டிருக்கு. இங்க என்னடான்னா சிவப்பழகு கிரீம்னு மாசக்கணக்குல, வருஷக்கணக்குல தடவிக்கிட்டு இருக்காங்க. முதல் ரெண்டு வாரம் அற்புதமா இருக்கும், சிவப்பு அடங்கும், முகம் வெளுக்கும், பரு அமுங்கும். அப்பறம் ஸ்டீராய்டாலயே ஒரே மாதிரி பொடிப் பொடியா பரு கெளம்பும், நரம்பு மாதிரி சின்ன ரத்தக் குழாய் தெரியும், மீசை தாடி பக்கம் முடி வளரும், வெயில்ல நின்னா முகம் பத்தி எரியும், நிறுத்துனா இன்னும் மோசமா சிவந்து பொங்கும், அதனால திரும்ப அதையே வாங்குவாங்க. இப்படி சிக்குன பொண்ணுங்க, பசங்க அழுதுக்கிட்டு வர்றத நான் பாத்துக்கிட்டே இருக்கேன், மருந்து ரொம்ப சின்ன காசு, அதுலேருந்து மீண்டு வர மாசக்கணக்குல ஆகுது. இந்திய தோல் டாக்டர்கள் சங்கம் இதுக்காகவே தனியா ஒரு குழு வச்சு போராடுச்சு, 2018ல மத்திய அரசு தோல்ல பூசற பல ஸ்டீராய்டுகள சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ஷெட்யூல் எச்ங்கற மருந்துப் பட்டியல்ல இறுக்குனாங்க. சட்டம் வந்தும் கவுன்டர்ல கேட்டா கிடைக்குதுன்றதுதான் என் ஆதங்கம். நீங்க அத இன்னும் தொடலன்னா தொடாதீங்க. ஒண்ணு ரெண்டு நாள் போட்டிருந்தா அப்படியே விட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது. இத படிக்கற வேற யாராவது மாசக்கணக்குல போட்டுக்கிட்டு இருந்தா திடீர்னு தானா நிறுத்தாம ஒரு தோல் டாக்டர்கிட்ட போங்க, படிப்படியா இறக்கி எடுப்பாங்க.

இப்ப உங்க முகத்துக்கு என்ன பண்றது. தண்ணி பட்டா எரியுதுன்னா தோலோட மேல் தடுப்பு கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்த நிலமையில எந்த பரு மருந்தும் போட வேணாம். எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட ஒரு போன் பண்ணி சொல்லிட்டு ரெண்டு ஜெல்லையும் நிறுத்தி வைங்க, எரிச்சல் அடங்கற வரைக்கும், சாதாரணமா சில நாள்லேருந்து ஒரு வாரம். அந்த நாள்ல காலையும் ராத்திரியும் மட்டும் மென்மையான ஃபேஸ் வாஷ், மத்த நேரம் வேர்த்தா வெறும் தண்ணி. குளிக்கற சோப்பு வேணாம், பெரும்பாலான சோப்புல காரத்தன்மை அதிகம், pH ஒன்பது பத்துன்னு இருக்கும், நம்ம தோலு அஞ்சு சொச்சம். கடலை மாவு, ஸ்க்ரப், எலுமிச்சை, டூத்பேஸ்ட் எதுவும் வேணாம். எலுமிச்சைச் சாறு தடவிக்கிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கறுத்துப் போகும், இது பயமுறுத்தறதுக்காக சொல்லல, பாத்திருக்கேன். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தாராளமா போடுங்க, எண்ணெய் வடியற முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதுக்குன்னு கேப்பீங்க, எண்ணெய் வேற ஈரப்பதம் வேற, எண்ணெய் வடிஞ்சுக்கிட்டே தோல் காஞ்சு போயிருக்கலாம். லேபிள்ல 'non-comedogenic', அதாவது துளைய அடைக்காதுன்னு போட்ட லோஷன் வகையா வாங்குனா போதும், விலை கூடுனது தேவையில்ல.

எரிச்சல் போனதும் அடாபலீன மட்டும் திரும்ப ஆரம்பிங்க, வாரத்துல ரெண்டே ராத்திரி, திங்கள் வியாழன்னு வச்சுக்கோங்க. முகம் கழுவி ஒத்தி எடுத்து, ஈரம் சுத்தமா காஞ்ச அப்பறம், ஈரத் தோல்ல போட்டா எரிச்சல் கூடும். முதல்ல மூக்கு ஓரம், வாய் ஓரம், கண்ணு ஓரம் கொஞ்சம் வாஸ்லின் தொட்டு வைங்க, அங்கதான் ஜெல் வழிஞ்சு சேர்றதும் தோல் மெல்லிசா இருக்கறதும், உங்களுக்கு உரிஞ்சதும் அந்த எடம்தான். அப்பறம் மாய்ஸ்சரைசர், அது உள்ள இழுத்ததும் ஒரு பட்டாணி அளவு ஜெல், முழு முகத்துக்கும் அந்த ஒரு பட்டாணிதான். நெத்தியில ஒரு புள்ளி, ரெண்டு கன்னத்துலயும் ஒவ்வொண்ணு, தாடையில ஒண்ணு வச்சு பரப்புனா கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசா ஆயிடும், அது போதும். ஓபியில பேஷன்ட்ட என் முன்னாடியே எடுத்து காட்டச் சொன்னா முக்கால்வாசி பேரு டூத்பேஸ்ட் அளவுக்கு பிதுக்குவாங்க, பிரச்சனையே அங்கதான். ரெண்டு வாரம் எரிச்சல் இல்லாம போச்சுன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒத்துக்கிட்டா தினமும். சிலருக்கு தினமும் ஒத்துக்கவே ஒத்துக்காது, வாரம் மூணு நாலு ராத்திரியோடயே நல்ல பலன் வந்துருது, அதுல குறை எதுவும் கிடையாது. அதுவும் எரிஞ்சா முதல்ல அர மணி நேரம் வச்சு கழுவிடற முறை இருக்கு, டாசரோட்டீன்னு இதவிட காரமான ரெட்டினாய்டுல அத போட்டுப் பாத்து பலன் இருந்துச்சுன்னு ஆய்வு இருக்கு, அடாபலீனுக்கு அந்த அளவு பலமான ஆதாரம் இல்ல, ஆனாலும் ரொம்ப சென்சிட்டிவ் தோலுக்கு தொடக்கத்துல நான் சொல்றதுண்டு. மாய்ஸ்சரைசர் மேல போட்டா மருந்து கொஞ்சம் குறைவா உள்ள போகலாம். இருக்கட்டும், பாதியில விட்டுடற மருந்த விட கொஞ்சம் குறைவா போய் வருஷம் முழுக்க போடற மருந்து மேல்.

பென்சாயில் பெராக்சைட ரெண்டு மூணு வாரம் கழிச்சு மெதுவா சேத்துக்கலாம், டாக்டர் சொல்ற வரிசைப்படி. அது நல்ல மருந்து, கிருமிய நேரா கொல்லுது, அதுக்கு எதிரா கிருமி பழகிக்கறதும் இல்ல. கிளின்டாமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் ஜெல்ல தனியா மாசக்கணக்குல போடறவங்களுக்கு அந்தப் பிரச்சனை இருக்கு, கிருமி பழகிப் போய் மருந்து வேலை செய்யாம போயிடும், அதனால அத எப்பவும் பென்சாயில் பெராக்சைடோட சேத்துத்தான் குடுக்கணும். இன்னொரு விஷயம், சாதாரண ட்ரெட்டினாயின் வெளிச்சத்துலயும் பென்சாயில் பெராக்சைடு கூட சேந்தாலும் சிதைஞ்சு போகும், அடாபலீனுக்கு அந்தத் தொல்லை இல்ல, ரெண்டும் ஒரே ட்யூப்லயே வருது. தலகாணி உறை, துண்டு, கலர் சுரிதார் காலர் இதெல்லாம் பென்சாயில் பெராக்சைடு பட்டா வெளுத்துப் போகும், வெள்ளத் துண்டு வச்சுக்கோங்க. கண் இமை வீங்கறது, நீர் கோக்கறது, அரிப்பு தாங்க முடியாம போட்ட எடத்த தாண்டி பரவறது இதெல்லாம் இருந்தா அது சாதாரண எரிச்சல் இல்ல, அலர்ஜியா இருக்கலாம், அப்ப எல்லாத்தையும் நிறுத்திட்டு அன்னிக்கே டாக்டர பாருங்க.

புதுசா வந்த பரு பத்தி. பர்ஜிங், அதாவது மருந்து ஆரம்பிச்சதும் முதல்ல பரு கூடி அப்பறம் கொறையும்னு யூட்யூப்ல எல்லாரும் அடிச்சு சொல்ற விஷயம் உண்மையில அவ்வளவு தீர்மானமான ஒண்ணு இல்ல. ஆய்வுகள்ல சராசரியா பாத்தா பரு எண்ணிக்கை முதல் சில வாரத்துலேருந்தே மெல்ல இறங்கத்தான் செய்யுது. ஆனா சராசரின்றது எல்லாருடைய கதையும் இல்ல, முதல் மாசத்துல கொஞ்சம் கூடி அப்பறம் இறங்கற பேஷன்ட்டுங்கள நான் பாக்கத்தான் செய்யறேன். உள்ள இருந்த அடைப்பெல்லாம் வேகமா வெளிய வருதா, எரிச்சலால வர்ற வீக்கமா, பரு தானாவே ஏறி இறங்கற இயல்பா, இத பிரிச்சு சொல்ல இன்னிக்கு வரைக்கும் நல்ல ஆதாரம் இல்ல. நான் நடைமுறையில பாக்கறது இதுதான்: எப்பவும் வர்ற எடத்துலயே, அதே மாதிரி சின்ன பருவா, ஆறு வாரத்துக்குள்ளன்னா காத்திருக்கலாம். எப்பவும் வராத எடத்துல, ஆழமா உருண்டையா வலிக்கற கட்டியா, இல்ல ஆறு எட்டு வாரம் தாண்டியும் கூடிக்கிட்டே போனா அத பர்ஜிங்னு சொல்லி சமாதானம் பண்ணிக்கக் கூடாது. கட்டி கட்டியா வந்து குழி விழற வகை பருவுக்கு ஜெல்ல நம்பி மாசக்கணக்குல காத்திருந்தா தழும்புதான் மிஞ்சும், அதுக்கு மாத்திரை தேவைப்படும்.

உங்களுக்கு தாடை ஓரத்துல வருதுன்னு சொன்னதால ஒண்ணு கேக்கறேன், பீரியட்ஸ் ஒழுங்கா வருதா, மோவாயில தடிச்ச முடி இருக்கா, எடை கூடுதா? இதுல எதுக்காவது ஆமான்னா பிசிஓஎஸ்னு சொல்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கான்னு பாத்துடுங்க. இது எதுவுமே இல்லாம தாடையில மட்டும் பரு வர்றவங்களும் நிறைய, தாடைப் பருன்னாலே ஹார்மோன் கோளாறுன்னு முடிவு கட்டிட வேணாம். நெத்தியில ஒரே அளவுல அரிக்கற பொடி பரு இருக்கறவங்க வேற கதை, அது ஈஸ்ட் கிருமியால வர்றதா இருக்கலாம், தலைக்கு வைக்கற எண்ணெய் நெத்திக்கு வழிஞ்சு அடைக்கறதாவும் இருக்கலாம். எண்ணெய் வைக்கணும்னா குளிக்கறதுக்கு முன்னாடி வச்சு அலசிடுங்க, ராத்திரி எண்ணெய் தலையோட தலகாணியில கன்னத்த வச்சு படுக்காதீங்க. சாப்பாட்டு விஷயத்துல, வடை பஜ்ஜி சாப்புட்டா அந்த எண்ணெய் முகத்துல வரும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல. இனிப்பு, மைதா மாதிரி சர்க்கரைய வேகமா ஏத்தற சாப்பாட்டுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு, பாலுக்கு அதவிட குறைவு, ஜிம் பசங்க குடிக்கற வே புரோட்டீனுக்கு சந்தேகம் இருக்கு. கொறைச்சுப் பாருங்க, ஆனா சாப்பாட்ட மாத்திட்டு மருந்த விட்டுடாதீங்க.

வெயில். நம்ம தோல் நிறத்துக்கு பருவ விட பெரிய தொல்லை அது விட்டுட்டுப் போற கறுப்புத் தடம், அது மாசக்கணக்குல நிக்கும். எரிஞ்சு சிவந்த தோலும் அதே மாதிரி கறுக்கும், எரிச்சல தாங்கிக்கக் கூடாதுன்னு நான் இவ்வளவு பிடிவாதமா சொல்றதுக்கு இன்னொரு காரணம் அது. காலையில எஸ்பிஎஃப் 30க்கு மேல ஒரு சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம், மதியம் வெளிய போறதா இருந்தா திரும்ப. அதோட கிள்ளாம இருக்கணும், கிள்ளுனா கறுப்பும் குழியும் ரெண்டும் வரும்.

கர்ப்பம் பத்தி நீங்க கேக்கல, ஆனா இத படிக்கறவங்கள்ல கல்யாணமானவங்க இருப்பாங்க. கர்ப்பமா இருக்கறவங்களும் குழந்தைக்கு முயற்சி பண்றவங்களும் ரெட்டினாய்டு ஜெல் போட வேணாம். தோல் வழியா அடாபலீன் ரத்தத்துக்கு போறது ரொம்ப ரொம்ப சொற்பம், தெரியாம போட்டுட்டவங்கள வச்சு பாத்த ஆய்வுகள்ல ட்ரெட்டினாயின் மாதிரி ஜெல்லுக்கு தெளிவான ஆபத்து தெரியல, அதனால தெரியாம போட்டுட்டு அப்பறம் கர்ப்பம்னு தெரிஞ்சா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க, பயந்து எந்த முடிவும் எடுக்காதீங்க. வாயில போடற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை முற்றிலும் வேற. அது குழந்தைய கடுமையா பாதிக்கும், இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல, நிறுத்தி ஒரு மாசமாவது கழிச்சுத்தான் கர்ப்பம் தரிக்கலாம்.

கடைசியா கல்யாணம். மூணு வாரம் முடிஞ்சிருச்சு, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, நடுவுல ஒரு வாரம் நிறுத்தி வச்சாலும் கல்யாண நேரத்துல ஏறக்குறைய பத்து வாரம் மருந்து போட்டிருப்பீங்க, வித்தியாசம் தெரிய வேண்டிய நேரம்தான். முழுசா சுத்தமாயிடும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், கறுப்புத் தடம் கண்டிப்பா அதுக்குள்ள முழுசா போகாது, மேக்கப்ல மறைக்கலாம், மேக்கப் போடறதுல தப்பே இல்ல, ராத்திரி சுத்தமா எடுத்துட்டு படுங்க. பார்லர்ல ஃபேஷியல், ப்ளீச், ஸ்க்ரப் மூணும் வேணாம். முகத்துல வேக்ஸிங் வேணவே வேணாம், ரெட்டினாய்டு போட்ட தோல்ல வேக்ஸ இழுத்தா முடியோட தோலும் சேந்து வரும், உதட்டுக்கு மேல அப்படி கிழிஞ்சு கறுத்துப் போய் வந்தவங்க உண்டு. த்ரெட்டிங் பண்றதா இருந்தா அந்த எடத்துல ஒரு வாரம் முன்னாடியே ஜெல்ல நிறுத்திட்டு, பண்ணி ரெண்டு மூணு நாள் கழிச்சு திரும்ப ஆரம்பிங்க. கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது ஒரு தடவ டாக்டர பாத்துடுங்க, ஏதாவது பெரிய பரு கெளம்புனா ஊசி போட்டு அமுக்கறதுக்கு அந்த நேரம் சரியா இருக்கும். போகும்போது வீட்டுல இருக்கற எல்லா ட்யூபையும், மெடிக்கல் ஷாப்ல குடுத்தது உட்பட, ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க.